குமுதா கையெழுத்துப் போடாத பை

மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்த குமுதாவுக்கு யாரையும் லேசில் மதிக்கத் தெரியாது. சுங்கை பூலோவில் அவள் வேலை பார்த்த உயிரணு சிகிச்சை நிறுவனத்தில் மதிக்கும்படி பெரிதாக யாரும் இல்லை என்பதும் உண்மைதான்.

புற்றுநோயாளியின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, மாற்றி, பத்து நாள் வளர்த்து, அதே நோயாளியின் உடம்புக்குத் திருப்பி அனுப்புவதுதான் அங்கே தொழில். வளர்ந்த அணுக்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது குமுதா. அவள் கையெழுத்தில்லாமல் அணுக்கள் அடைத்த ஒரு பைகூட வாசலைத் தாண்டாது.

மூத்த டெக்னீஷியன் இராமலிங்கம், எல்லாம் தன் கைராசி என்று கேண்டீனில் சொல்லித் திரிவார். அணுக்கள் வளர்வதற்கான சத்து நீரை எப்போது ஊற்ற வேண்டும் என்பது அவருக்குக் கண்ணால் பார்த்தாலே தெரியுமாம். குமுதா ஓராண்டு முடிவுகளை எடுத்துப் பார்த்தாள். அவர் செய்த ஒரு பையில் நூற்றுக்குத் தொண்ணூறு அணு உயிரோடிருந்தது, அடுத்ததில் அறுபது. லீவுக்கு முந்தின நாள் கைவைத்ததெல்லாம் மோசம். தாளை அவர் முன்னால் வைத்தாள். நோயாளிகளின் இரத்தம் சரியில்லை என்றார். அன்றோடு அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

இயக்குநர் டாக்டர் அருணன் ஓர் இயந்திரம் வாங்கினார். மூடிய பெட்டி, மனிதக் கை படாமல் அதுவே வளர்க்கும். ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தில் மூன்று முறை ஓட்டியதில் மூன்றும் ஒன்றுபோல வந்தன. டாக்டர் கேக் வெட்டினார். ஆனால், சத்து நீர் ஊற்றும் நேரத்தை யாரும் மாற்ற முடியாதபடி மணிக்கணக்கில் பூட்டி வைத்திருந்தார். நோயாளியின் அணுக்கள் மெதுவாக வளரும், பெட்டிக்குள்ளேயே அணுக்கள் தின்னும் சர்க்கரையை அளக்கும் கருவி இருக்கிறது, சர்க்கரை குறையும்போது ஊற்றச் சொல்லலாம் என்று குமுதா இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். ஆளுக்கொரு நேரம் என்றால் ஒரே சீர் எங்கிருந்து வரும் என்று டாக்டர் சிரித்தார். இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் நோயாளி செராஸைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. அணுக்கள் பெருகுமுன்பே சத்து நீரை ஊற்றி ஊற்றி நீர்க்கச் செய்திருந்தது இயந்திரம். பத்தாம் நாள் பாதி செத்துக் கிடந்தன.

"மெஷின் தப்பு பண்ணாது குமுதா. சைன் பண்ணிடுங்க," என்றார் டாக்டர்.

"பண்ணாதுதான் டாக்டர். நீங்க சொல்லிக்குடுத்த தப்ப மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பண்ணும்லா. நான் சைன் பண்ண மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. வேறு யாருக்கும் கையெழுத்துப் போட உரிமையில்லை என்பதால் நேரப் பூட்டைத் திறந்துவிட்டார். உறைய வைத்திருந்த ஆசிரியையின் அணுக்களில் குமுதா மறுபடி தொடங்கினாள். சர்க்கரை குறைந்தபோது மட்டும் இயந்திரம் ஊற்றியது. பன்னிரண்டாம் நாள் நூற்றுக்கு எண்பத்தெட்டு உயிரோடிருந்தன. கையெழுத்துப் போட்டாள். பிறகு வந்த ஆறு நோயாளிகளின் பைகளும் எண்பத்தைந்துக்குக் கீழே போகவில்லை. ஆசிரியையின் கட்டிகள் சுருங்கிவிட்டதாக மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது.

கோலாலம்பூர் மாநாட்டில் டாக்டர், சர்க்கரை பார்த்து ஊற்றுவதைத் தன் யோசனை என்று பேசினார். இயந்திரத்துக்கே வேலை சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றார் இராமலிங்கம். புகைப்படத்துக்கு நிற்கக் கூப்பிட்டபோது, இந்த இரண்டு பேருக்கு நடுவிலா என்று குமுதா நினைத்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நேரம் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.