பேச்சு நாளில் காலியாக இருந்த இடம்

என் மகள் நிலா அந்தமானின் ஹட் பேயில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஒரு தலைவரின் பேச்சைப் பள்ளியில் டிவியில் காட்டப்போவதாகத் தகவல் வந்ததும் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு இரண்டாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

“பாஷண்தானே, கேட்டுட்டு வரட்டுமே” என்றார் கணவர்.

“படிக்கிற இடத்துல கட்சிக்காரங்களுக்கு என்ன வேலை?” என்று அன்று நிலாவை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டேன்.

காலையெல்லாம் அழுதவள் கடைசியில்தான் தன் வகுப்புத் தோழியைப் பற்றிச் சொன்னாள்: “மிதாவோட அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர்மா. இன்னைக்கு மத்தியானம் கப்பல். பாஷண் முடியற வரைக்கும் பக்கத்துல உட்காரலாம்னு பேசி வச்சிருந்தோம்.”

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் நானும் இதே ஊர்ப் பள்ளி மைதானத்தில் ரேடியோவில் ஏதோ ஒரு தலைவரின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையில் புளியங்காயைத் திணித்த சபிதாவின் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவளும் ஒருநாள் கப்பலேறிப் போனவள்தான்.

நிலாவையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓடினால் மிதா கிளம்பியிருந்தாள். ஸ்கூட்டியை அப்படியே கப்பல் நிற்கும் ஜெட்டிக்குத் திருப்பினேன். நல்லவேளை, கப்பலின் ஏணியை இன்னும் எடுக்கவில்லை. மிதா ஓடி வந்து, “தூ ஆயீ க்யூ நஹீ?”, நீ ஏன் வரவில்லை என்று நிலாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேச்சு முடியும்வரை பக்கத்தில் பையை வைத்து, அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லையாம்.

பள்ளியில் கட்சிப் பேச்சு கூடாது என்ற என் எண்ணம் இன்றும் மாறவில்லை. ஆனால் நிலாவிடம் எதற்காவது போகாதே என்று சொல்வதற்கு முன், “அங்க உன் பக்கத்துல யாரு உட்காருவா?” என்று இப்போது கேட்டுவிடுகிறேன்.