கதவிடுக்கில் ஒரு கேள்வித்தாள்

தேர்வில் மிஞ்சிப்போன கேள்வித்தாளைப் பெரிய டீச்சர் நீளவாக்கில் கிழிப்பார். ஒரு துண்டைக் கார்க் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்துவார். பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து மெதுவாக இழுப்பார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடத்தில் சந்து இருக்கிறது, அது வழியாகத்தான் சாலையின் சத்தம் உள்ளே வருகிறது என்று அர்த்தம். வராமல் நின்றுவிட்டால் ரப்பர் அங்கே கெட்டியாகப் பிடித்திருக்கிறது. இப்படிக் கதவைச் சுற்றிச் சாண் சாணாக, விடைத்தாள் திருத்துகிற அதே முகத்தோடு அவர் சோதித்துக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அன்று காலையில்தான் நாங்கள் இரண்டு பேரும் செத்துப் பிழைத்திருந்தோம்.

குமுளியில் ஒரு தனியார் பள்ளியில் அவர் வரலாறு எடுத்தார். நான் அறிவியல் ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பெரிய டீச்சர் என்று பிள்ளைகள் வைத்த பெயர் ஆளைப் பார்த்து வைத்ததல்ல, ஆள் ஒல்லி. குரல்தான் பெரிது. எங்கள் இருவருக்கும் வீடு கம்பத்தில். கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறிப் போகும் பஸ்ஸில் தினமும் நசுங்கிக்கொண்டிருந்த என்னை நிறுத்தத்தில் பார்த்து, "ஏத்தா, முன்னாடி சீட்டு சும்மாதான் கெடக்கு, வந்து ஏறு" என்று ஒருநாள் காரை நிறுத்தினார். கணவர் இறந்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். அவர் ஓட்டிக்கொண்டு போகும்போது டீக்கடையில் நிற்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு, மறைக்கவும் மாட்டார். பஸ்ஸில் போகக்கூடாதா என்று யாராவது கேட்டால், "நான் செத்ததுக்கப்பறம் என்னைய யாரு வேணா தூக்கிட்டுப் போங்க, அதுவரைக்கும் நானேதான் போவேன்" என்பார்.

நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுகூடக் கீழே பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த மலைச்சாலை வாய்த்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காட்டுப் பள்ளம். விடியுமுன்பே ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்புகள், ஆளை இறக்கிவிட்டு அடுத்த நடைக்காகக் காலியாகக் கீழே பறந்து வரும் நேரத்தில்தான் நாங்கள் மேலே ஏறுவோம். வளைவுக்கு முன்னால் ஆரன் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் ஆரன் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். பனி இறங்கிய நாளில் அந்தச் சாலையில் கண்ணை நம்பி ஓட்டுகிறவர் யாரும் கிடையாது, காதை நம்பித்தான் ஓட்டுவார்கள்.

அவருடைய கார் பழையது. டயர் சத்தம், காற்றுச் சத்தம், கதவு ஆடும் சத்தம் எல்லாம் உள்ளேதான் இருக்கும். "இந்தக் காரு போடுற கூப்பாட்டுல மனுசி பேசுறது ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்று தினமும் சலித்துக்கொள்வார். நான் ஏதாவது சொன்னால் முகத்தைத் திருப்பி என் வாயையே பார்ப்பார். சமதளத்தில் அது பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே அவர் என் பக்கம் திரும்பும்போது எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிடும். அதனால் லோயர் கேம்ப் சோதனைச்சாவடி தாண்டியதும் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் சாலையைப் பார்ப்பார், அவ்வளவுதான் என் கணக்கு. "என்னத்தா, மலையேறுனா ஒனக்கு வாய் கட்டிப்போகுதா?" என்று கேலி செய்வார். நான் சிரித்து வைப்பேன்.

ஒரு விடுமுறை நாளில் கம்பத்தில் கார் சாமான் விற்கும் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு சுருள் கறுப்பு ரப்பரை எடுத்துப் போட்டார். பீடிங் என்றார். உள்ளே குழல்போல வெற்றாக, விரலால் அமுக்கினால் அமுங்கி எழும்பியது. பின்பக்கம் பசை, அதன்மேல் சிவப்புத் தாள். "டீச்சரம்மா, இத நாலு கதவுக்கும் ஒட்டிட்டீங்கன்னா, வெளிய மாரியம்மன் கோயில் கொட்டு அடிச்சாலும் உள்ள கேக்காது. போன வாரம் வக்கீல் ஐயா வந்து ஒட்டிட்டுப் போனாக, இப்ப கார்லயே தூங்குறாகளாம்" என்றார். ஆளை வைத்து ஒட்டச் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கதவு விளிம்பைத் துணியால் துடைத்து, சிவப்புத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அவரே ஒட்டினார். மூலைகளில் இழுத்து ஒட்டக்கூடாது, இழுத்தால் நாளைக்குச் சுருங்கிப் பிய்ந்துகொள்ளும் என்று எனக்குப் பாடம் வேறு. ஒட்டி முடித்ததும் கதவு சாத்தமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. ஓங்கி அடித்துச் சாத்த வேண்டியிருந்தது. அப்போதுதான் முதன்முதலாகக் கேள்வித்தாளை இடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தார். அன்றைக்கு அது ஒரு விளையாட்டு.

மறுநாள் காலை உண்மையாகவே கார் மாறிப்போயிருந்தது. டயரின் ஓலம் அடங்கி ஒரு முனகலாகிவிட்டது. என் பையின் ஜிப் ஆடுவதும் டீச்சரின் வளையல் ஸ்டீயரிங்கில் இடிப்பதும் தனித்தனியாகக் கேட்டன. எனக்கோ அது பிடிக்கவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ரோட்டைக் கடப்பதுபோல இருந்தது. அப்படியே மலையேறி இரைச்சல் பாலத்துக்கு வந்தோம். பெரியாற்றுத் தண்ணீரை அந்தப் பக்கம் திறந்துவிட்டால் பாறையில் விழுந்து அது போடும் சத்தத்துக்கு வைத்த பெயர்தான் அது. அன்று திறந்திருந்தார்கள். என் ஜன்னல் பக்கம் வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருந்தது. ரப்பரையும் மீறி அடிவயிறு அதிரும்படி கேட்டது.

டீச்சர் நேரே சாலையைப் பார்த்தபடி சிரித்தார். "இந்த வருசம் இன்னும் தண்ணி தொறக்கலயாக்கும்?"

"தொறந்துட்டாக டீச்சர்" என்றேன்.

அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, பிறகு என்னைத் தாண்டி ஜன்னலில் தண்ணீரைப் பார்த்தார். "பாத்தியா ரப்பர் செய்யுற வேலைய. இரைச்சல் பாலத்தையே வாயப் பொத்த வச்சிருச்சு" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் இத்தனை நாளும் சொன்ன குறை காரில் இல்லை என்பது எனக்கு அந்தப் பாலத்தின் மேல்தான் புரிந்தது. ஆரன் கேட்காத ஒருவர் ஓட்டும் காரில், ஆரனை நம்பி ஓடும் சாலையில், தினமும் காலையும் மாலையும் நான் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து என் வேலை கேட்பதாகிவிட்டது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்துக்கொள்வேன். சாரல் அடித்துத் தோள் நனையும். "ஏத்துத்தா கண்ணாடிய, ஒட்டுனதெல்லாம் வீணாப் போகுது" என்பார். ஏற்றிவிட்டு, வளைவு வந்ததும் மறுபடி இறக்குவேன். எதிரே ஆரன் கேட்டால், "வண்டி வருது டீச்சர்" என்று கையை நீட்டிக் காட்டுவேன். "எனக்கும் கண்ணு தெரியும்" என்பார். வீட்டில் பஸ்ஸிலேயே போ என்றார்கள். போயிருக்கலாம். ஆனால் நான் இறங்கிக்கொண்டால் அவர் தனியாகப் போவாரே என்ற பயம் முதல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு காலை பனி அப்பிக்கிடந்தது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்கள்கூடத் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க ஏறியிருந்தது, பனி உள்ளே வருகிறது என்று அவர் கடிந்துகொண்டதால் ஏற்றியிருந்தேன். வளைவுக்கு முன்னால் டீச்சர் ஒழுங்காக ஆரன் அடித்தார், கொஞ்சம் தாமதித்தார், பதில் இல்லை என்று காரை எடுத்தார். பதில் வந்தது. ரப்பருக்கு அப்பாலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, நீளமாக, விடாமல் வந்தது. நான் கத்தினேன். கத்தியது கேட்கவில்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். பிரேக்கை மிதித்தார். வெள்ளைக்குள்ளிருந்து ஜீப்பின் முகம் வெளியே வந்தது. எங்கள் காரின் சைடு மிரரைத் தட்டிப் பிய்த்துக்கொண்டு, பாறையை உரசி, தள்ளிப்போய் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்து டீச்சர் பக்கக் கண்ணாடியைத் தட்டினான். "எத்தன ஆரன் அடிக்கிறது? காது அவுஞ்சு போச்சாம்மா?" என்றான். வழக்கமாக இப்படிப் பேசினால் டீச்சர் விடமாட்டார். அன்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் போன பிறகு என்னிடம், "ஆரன் அடிச்சானா?" என்று கேட்டார்.

"அடிச்சாப்ள டீச்சர். விடாம அடிச்சாப்ள."

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும், காருக்குப் பக்கத்தில் நின்று கேள்வித்தாளைக் கிழித்தார். முதலில் தன் பக்கக் கதவு, பிறகு என் பக்கம், பிறகு பின்கதவுகள். சந்து வழியே வந்த இரைச்சலில் ஆரன் அமுங்கியிருக்கலாம் என்று பார்க்கிறார்போல, ஓர் இடம் விடவில்லை. எங்கே வைத்து இழுத்தாலும் தாள் அசையவில்லை. சத்தம் வராமல் ரப்பர் தடுத்திருக்கிறது, அதனால்தான் ஆரன் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அதே ரப்பருக்குள் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டிருந்தது. கடைசித் துண்டு கையில் கிழிந்து வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கதவுல கொற ஒண்ணும் இல்லத்தா" என்றார். அந்தப் பெரிய குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "பயமா இருக்கு" என்றும் சொன்னார்.

பிறகு ஓட்டுநர் பக்கக் கதவிலிருந்து ரப்பரின் நுனியை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் முழுவதையும் உரித்தார். சாவியை என் கையில் வைத்தார். எனக்கு லைசென்ஸ் இருந்தது, பயிற்சிப் பள்ளிக்காரர் தயவில் வாங்கியது. மலையில் ஒருநாளும் ஓட்டியதில்லை. "ஒனக்குக் காது கேக்குதுல்ல, அது போதும். மத்தத நான் சொல்றேன்" என்றார். இறங்கும் சாலையில், முதல் கியரில், அழுதுகொண்டே ஓட்டினேன். அவர் என் இடத்தில் உட்கார்ந்து, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். தான் ஓட்டும்போது ஒருநாளும் பயப்படாதவர் அன்று கால்மாட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். அதன்பின் அவர் ஓய்வு பெறும் வரை நான்தான் ஓட்டினேன். மதுரைக்குப் போய்க் காதுக்கு மெஷின் வாங்கி, முடியால் மூடி வைத்துக்கொண்டார். கார் சாவியைத் திருப்பிக் கேட்கவேயில்லை. டீக்கடை வரும்போது மட்டும் வேறு பக்கம் பார்ப்பார்.

இப்போது அவர் ஜெயமங்கலத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். நான் அதே பள்ளிக்கு என் சொந்தக் காரில் போகிறேன். புதுக் கார். கதவுக்குக் கம்பெனியே தடித்த ரப்பர் வைத்துக் கொடுத்திருக்கிறது. இப்போதும் வளைவுக்கு வளைவு கண்ணாடியை இறக்குகிறேன். பக்கத்து இருக்கையில் எங்கள் கணக்கு டீச்சர் வருகிறாள், சின்னப் பெண், கூடலூரில் ஏறிக்கொள்வாள். வாயாடி. வகுப்புக் கதை, மாமியார் கதை, சீரியல் கதை என்று ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளாக லோயர் கேம்ப் சோதனைச்சாவடி தாண்டியதும் பேச்சை நிறுத்திவிடுகிறாள். மலைச்சாலை, பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் இரைச்சல் பாலத்தில் போகும்போது, "இன்னும் தண்ணி தொறக்கல போல" என்றேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும், அந்த வயதில் அது என் முகம். அவளைத் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயமங்கலத்துக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தேன், போகவில்லை. வாயைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவர் பெரிய டீச்சர், என் முகத்தைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பதிலாக வாசலுக்குப் போய், பழைய கேள்வித்தாள் ஒன்றை நீளவாக்கில் கிழித்து, என் பக்கக் கதவின் இடுக்கில் வைத்துச் சாத்தினேன். எங்கேயாவது ஒரு சந்து இருக்க வேண்டும், ரப்பர் எங்கேயாவது பிய்ந்திருக்க வேண்டும், சத்தமெல்லாம் அதன் வழியாக வந்து என் காதை அடைக்கிறது என்று இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். தாள் அசையவில்லை. இடம் மாற்றி வைத்து இழுத்தேன். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்ததும் பாதி கிழிந்து கையோடு வந்தது. மறுபாதி கதவுக்குள் கெட்டியாக நின்றது.