நாற்காலியில் அம்மாவின் புடவை

விசா கிடைக்காததால் என் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவால் வரமுடியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கி போட்ட என்னோடு அம்மாவும் இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

நியூசிலாந்தில், ரானுயியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கானாவிலிருந்து வந்தவர், புகைப்படக்காரர். அவருடைய கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. சுவரெங்கும் அவரே வரைந்த திரைகள்: மாடிப்படி, கடல், மூக்கு கோணிய ஒரு விமானம். ஊரில் அவர் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தாராம். விமானத்தில் ஏறியே இராதவர்கள் அப்படியொரு திரைக்கு முன்னால் பெட்டியோடு ராஜா மாதிரி நிற்பார்களாம். "அது பொய்யில்லை, ஆசை. ஆசைக்கு ஒரு மேடை வேண்டாமா?" என்பார்.

கடல் கடந்து போனவருக்காக ஒரு நாற்காலி போட்டு, அவருடைய துணியை அதில் விரித்து, குடும்பத்தைச் சுற்றி நிறுத்திப் படமெடுப்பது அவர் அப்பாவின் வழக்கம். எனக்கும் அப்படியே செய்தார். நான் போர்வையாகக் கொண்டுவந்திருந்த அம்மாவின் பச்சைச் சுங்குடிப் புடவையை நாற்காலியில் விரித்தார். தங்க வண்ணம் பூசிய அட்டைச் சூரியனை மேலே தொங்கவிட்டார். பக்கத்தில் நின்றபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படத்தை அனுப்பிய சற்று நேரத்தில் அம்மா வீடியோ காலில் வந்தாள்.

"ஏன்டா, நான் போய்ச் சேந்துட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னா? மாலை ஒண்ணுதான் பாக்கி."

திக்கென்றது. எனக்கு எப்படி இது தோன்றாமல் போனது? அக்காவிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ! எங்கள் ஊரில் காலி நாற்காலி என்றால், ஆள் வரப்போகிறார் என்று அர்த்தம்."

அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"நான் வரமாட்டேன்னா சொன்னேன்? அதுவரைக்கும் சும்மா கெடக்க வேணாம். அந்தப் பொண்ண ஒக்காரச் சொல்லு."

அக்கா கூச்சத்தோடு உட்கார்ந்து, புடவையைத் தங்கள் ஊர் வழக்கப்படி தோளில் போட்டுக்கொண்டார். தன் திரைக்கு முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாம். கேமரா தானாகவே சொடுக்கியது.

அந்தப் படத்தை அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. இவளுக்கு அம்மா இருக்காங்களா?"

"ஊர்ல இருக்காங்கம்மா."

"பாத்து எத்தன வருசமாச்சாம்?"

கேட்டேன். அக்கா ஏழு விரல்களைக் காட்டினார்.

"அப்ப மொதல்ல அவங்களுக்கு அனுப்பச் சொல்லு."

அக்கா எழுந்து வீட்டுக்குள் போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து, தன் நாற்காலிக்கு அருகில் போட்டார். அதைக் காலியாகவே விட்டார். இந்தமுறை அம்மா ஒன்றும் சொல்லவில்லை.