பந்தயத்தன்று சாத்திய கதவு

துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் குமாஸ்தா. சாயங்காலமானால் எங்கள் கால்பந்துக் குழுவுக்கு கோல்கீப்பர். மற்றப் பத்துப் பேரும் தப்பாக ஆடினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. என் தப்பு மட்டும் கோல் கணக்கில் ஏறிவிடும். ஆனாலும் எங்கள் ஆட்களின் நம்பிக்கைகளை நான்தான் அதிகம் கேலி செய்வேன். கேப்டன் திருச்செந்தூர் இலை விபூதியை இடுப்பில் முடிந்துகொள்வார். பேக் ஆடும் மணப்பாட்டுக்காரன், கழுத்தில் தொங்கும் மாதா உத்தரியத்தை முத்தமிடாமல் மைதானத்துக்குள் கால் வைக்க மாட்டான். என் கேலியெல்லாம் எங்கள் வீட்டுக்குள் ஆடு நுழைந்த நாள் வரைக்கும்தான்.

என் மனைவி பகலில் வாசல் கதவைச் சாத்தவே மாட்டாள். அவளுடைய அண்ணன் ரங்கூனுக்கு வேலைக்குப் போனவன். அங்கே குண்டு விழுந்ததிலிருந்து கடிதம் இல்லை. சண்டை முடிந்த பிறகும் இல்லை. அவன் வருகிற நேரம் கதவு சாத்திக் கிடந்தால், ஆளில்லை என்று திரும்பிப் போய்விடுவானாம். அத்தனை தூரம் வருகிறவன் கதவைத் தட்ட மாட்டானா என்று நான் கேட்டதில்லை. அவன் வருவானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் திறந்த கதவு வழியாக ஆடு புகுந்து, ஊறப்போட்ட அரிசியைத் தின்றுவிட்டது. எரிச்சலில் என் மனைவி கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். அன்றைக்குப் பந்தயம். ஒரு கோல்கூட விழவில்லை. அடுத்த பந்தயத்தன்று கதவு பழையபடி திறந்து கிடந்தது, மூன்று விழுந்தது. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இனிமே நீங்க ஆடப் போனா கொண்டி போட்டுக்கிடுதேன். திரும்பி வார வரைக்கும் தொறக்க மாட்டேன்."

சிரிக்க நினைத்தேன், சிரிப்பு வரவில்லை. அதன்பின் ஐந்து பந்தயம், ஒரு கோல் இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கோப்பைக்கான கடைசிப் பந்தயம் மில்காரர்களோடு. முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பச்சைப் பிள்ளைகூடப் பிடித்துவிடும் ஒரு பந்து என் கையில் பட்டு, நழுவி, உள்ளே போய்விட்டது.

"ஏலே, என்னல ஆச்சு?" என்று மணப்பாட்டுக்காரன் ஓடி வந்தான்.

"வீட்டுல அவ கதவத் தொறந்துட்டா, ஏலே."

ஏன் எதற்கு என்று கேட்காமல் அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்த ஒரு கோலில் தோற்றோம். வீட்டில் போய்க் கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தெரு திரும்பியதும் பார்த்தால், கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. படியில் ஒரு ஜோடி கிழிந்த பூட்ஸ் கிடந்தது. உள்ளே எலும்பும் தோலுமாக ஒருவன் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தான்.

"வாங்க மாப்ளே," என்றான். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

என் மனைவி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கண்ணீர். அண்ணன் வந்த கதையைச் சொல்லாமல், "கோல் விழுந்துட்டோ?" என்றாள். "வாசல்ல 'ஏளா'ன்னு அண்ணன் கூப்பிடுத சத்தந்தான் கேட்டுச்சு. நிக்க முடியல, தொறந்துட்டேன்."

"விழுந்துட்டு," என்றேன். "நீ தொறந்ததாலதான் விழுந்துச்சு." அவள் முகம் வாடியதும் என்னால் தாங்க முடியவில்லை. "நல்ல வேள, தொறந்தே," என்றேன்.

அடுத்த பந்தயத்தன்று அவள் கொண்டியைப் போடப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன்.

"அண்ணந்தான் வந்துட்டானே. இனி யாருக்குத் தொறந்து வைக்கணும்?"

"எனக்குத்தான். தோத்துட்டு வந்தா, தட்டாம உள்ள வரணும்லா?"

அன்றைக்கு இரண்டு கோல் விழுந்தது. தட்டாமலே உள்ளே வந்தேன்.