மேஜைமேல் வைத்த சாவி

துபாய் சத்வாவில் எங்கள் எதிர்வீட்டில் பம்பாயிலிருந்து வந்த யூதத் தம்பதி இருந்தார்கள். பிள்ளையில்லாத வீடு, பள்ளி விட்டு வந்தால் இரண்டாம் வகுப்புக்காரியான நான்தான் அங்கே பிள்ளை. மாதத்தில் சில நாள் அங்கே ஒரு விசித்திரம் நடக்கும். அங்கிள் கார் சாவியை ஆன்ட்டி கையில் தரமாட்டார். மேஜைமேல் வைப்பார், ஆன்ட்டி எடுத்துக்கொள்வார். ஒட்டிக் கிடக்கும் கட்டில்களும் ஆளுக்கொரு சுவரோரம் போய்விடும்.

சண்டைதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். நாட்டாமை வேலை என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஒருநாள் இருவர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்க்கப் போனேன். இருவரும் பதறி விலகினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் முறையிட்டேன்.

"சண்ட இல்லட்டி. அவங்க வேதத்துல அப்படி. கொஞ்ச நாளு தொட்டுக்க மாட்டாங்க. கணக்கு முடிஞ்சு அந்தக்கா கடல்ல முங்கி எந்திரிச்சா எல்லாம் சரியாயிரும்."

மாதவிலக்கும் அதற்கடுத்த தூய நாட்களும் எண்ணி முடியும்வரை கணவன் மனைவி கைக்குக் கை எதையும் தருவதில்லை என்ற அவர்கள் சட்டமெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

அம்முறை கடலுக்குத் துணையாக ஆன்ட்டி அம்மாவைக் கூப்பிட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். இருட்டியதும் ஆன்ட்டி முழுக்க மூழ்கி எழுந்தார். அம்மா துண்டை விரித்துப் பிடித்தாள். வீடு திரும்பியபோது அங்கிள் டீயுடன் வாசலில் நின்றார். கோப்பையை ஆன்ட்டி கையிலேயே கொடுத்தார். கொடுத்தவர் தன் கையை எடுக்கவில்லை. நான் கைதட்டினேன்.

எங்கள் வீட்டில் அப்பா லேப்டாப்பில் இருந்தார். அம்மா தட்டை நீட்ட, நிமிராமலே வாங்கிக்கொண்டார்.

"உப்பு போதுமா?"

"ம்."

அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஏனென்று கேட்டேன்.

"கண்ணுல கடல்தண்ணி பட்டுட்டுட்டி."

அம்மா கரையிலேயே நின்றிருந்தாள். ஆனாலும் நம்பினேன். எங்கள் வீட்டில் யாரும் சண்டையே போடுவதில்லை என்று ஆன்ட்டியிடம் பெருமையடித்தும் வந்தேன்.

அடுத்த லீவில் அம்மாவும் நானும் தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். ஏர்போர்ட்டில் அம்மா கை நீட்டியும் அப்பா பாஸ்போர்ட்டுகளை அந்தக் கையில் தரவில்லை. பெட்டிமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். இவர்களுக்கும் அந்த நாள்கணக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். கவலையே படவில்லை. எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறதே, அம்மா ஒருமுறை முங்கி எழுந்தால் போதும் என்று லீவு முடிந்த பிறகும் வெகுநாள் காத்திருந்தேன்.