தெக்லாவிடம் கேட்க வந்தவர்கள்

சைப்ரஸ் தீவின் லார்னகாவில் கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் தெக்லாவிடம் வசவு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியதில்லை. ஐம்பதைத் தாண்டியவள். பிறவியிலேயே தலசீமியா, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய். இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு, மறுநாளே எவனாவது கிளட்ச் மிதிக்கும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

இப்போது அப்படிப்பட்ட குழந்தைகள் அநேகமாகப் பிறப்பதில்லை. ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் தேவாலயத்தில் கல்யாணத்துக்குத் தேதி கிடைக்காது. இருவர் ரத்தத்திலும் அந்தக் குறை இருந்தால் தடுக்கமாட்டார்கள். தெரிந்து கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கரு உண்டானதும் இன்னொரு பரிசோதனை. முடிவு மோசமென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் இனிப்புத் தட்டோடு தெக்லா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "ரொம்பக் கஷ்டமாக்கா?" ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால், கலைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். துணிச்சலைக்கூட இரவல் வாங்கும் கூட்டம். பாதிரியார் மட்டும் யோக்கியமா? ஒருநாள் பூசை முடிந்ததும், கலைப்பது பாவம் என்பதற்குச் சாட்சியாக அவளை முன்னால் நிறுத்தி, "பாருங்க, எப்படிச் சிரிக்கிறா!" என்றார்.

"சிரிக்கல சாமி, கண்ணுல வெயில் அடிக்குது."

இந்த வசந்தத்தில் கடைசித் தம்பி லோயிஸோஸே தட்டோடு வந்தான், மனைவி மிரோவையும் கூட்டிக்கொண்டு.

"முடிவு வந்திருச்சுக்கா. அதுவும் உன்னை மாதிரிதான்."

"என்னை மாதிரின்னா? வாயாடியா?"

அவன் சிரிக்கவில்லை. "பொறக்காமலே இருந்திருக்கலாம்னு உனக்கு எப்பவாச்சும் தோணிருக்கா?"

"தோணிருக்கு. கடை நொடிச்சப்போ உனக்குந்தான் தோணிச்சு. யாராவது இனிப்போட வந்து கேட்டாங்களா?"

"நீ சொல்றபடி செய்றோம்கா."

"நான் பொறந்தது சரியா தப்பான்னு எங்கிட்டயே கேக்கறியே, வெக்கமால்ல? எப்படி முடிஞ்சாலும் அக்கா சொன்னாம்பே. கத்துக்கொடுக்கற வண்டியில என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குடா. இது உங்க வண்டி."

மிரோ நிமிர்ந்தாள். "வேணாம்னு நாங்க போன வாரமே முடிவு பண்ணிட்டோம் அண்ணி. இவருக்குத்தான் அதை உங்க வாயால கேக்கணுமாம்."

தெக்லா நாற்காலியை மிரோவின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. நிக்கோசியா ஆஸ்பத்திரியில."

"இவனை நம்பி வண்டியில ஏறாதே. நான் ஓட்டறேன்."

வெள்ளிக்கிழமை வகுப்புகளை ரத்து செய்தாள். மிரோ முன்னிருக்கையில், அவள் பக்கத்தில். பின்னால் லோயிஸோஸ், மடியில் தெக்லா திருப்பிக் கொடுத்த இனிப்புத் தட்டு, பிரிக்கப்படாமல். வழியெல்லாம் வாயைத் திறக்கக் கூடாதென்று அவனுக்கு உத்தரவு.