ஏழாவது பாத்திரம்

சுதந்திரம் வந்த மறு வருஷம், மாசி மாதம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிற, கரியில் ஓடும் பஸ்ஸில் நானும் என் தங்கையும் ஏறினோம். எனக்கு அறுபத்திரண்டு வயது, அவளுக்கு ஐம்பத்தாறு. பஸ் வழியில் ஒன்பது இடத்தில் நின்றது. ஆள் ஏற்ற மூன்று தடவை, மீதி ஆறு தடவை தானாகவே. கண்டக்டரிடம் இதைச் சொன்னேன். "எண்ணாம வாங்கய்யா, சீக்கிரம் போயிரும்" என்றார். தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் போனது பிறந்த ஊருக்கு. அங்கே பழைய ஜமீன் குடும்பத்து மாளிகை ஒன்று இருக்கிறது. ஊரில் அதைப் பெரிய வீடு என்பார்கள். வாரிசு சென்னையோடு போய்விட்டார். முன்னோர் பெருமை ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று வீட்டைக் காட்சிசாலையாக்கித் திறந்துவிட்டிருந்தார். சின்ன வயதில் எங்களைப் போன்றவர்கள் அந்த வாசலோடு சரி. இப்போது யாரும் உள்ளே போகலாம் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. தங்கைக்கு ஆசை ஒன்றும் இல்லை. துணைக்கு வந்தாள்.

முன்வாசல் படி ஏழு. கதவில் பித்தளைக் குமிழ் நூற்றெட்டு. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு மானேஜர் கையில் பிரம்போடு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். தூண் மொத்தம் நாற்பது என்றார். நான் எண்ணிப் பார்த்து முப்பத்தாறு என்றேன். முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா வர முடியாது. அதற்குப் பிறகு அவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

நான்காவது அறையில் பாத்திரங்கள். சுவரோரம் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அண்டா, குடம், தவலை, குத்துப்போணி, எல்லாம் புளி போட்டுத் தேய்த்து மின்னின. மேலே ஒரு அட்டை: 'பஞ்ச காலத்தில் இவ்வம்சத்தார் ஏழை எளியோருக்குக் கஞ்சி வார்த்த பாத்திரங்கள்.' நான் எண்ணிவிட்டு நாற்பத்திரண்டு என்றேன்.

தங்கை கோடியில் இருந்த பெரிய அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தி மூணுண்ணே. உள்ள ஒண்ணு கெடக்கு பாரு."

குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு பித்தளைத் தவலை, தேய்க்காமல் கறுத்துக் கிடந்தது. கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். எங்கள் அம்மாவின் பெயர். அதற்குக் கீழே பந்தல்குடி. அம்மா பிறந்த ஊர்.

அந்தத் தவலையின் கதையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது பெரிய வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. அங்கே விசேஷம் என்றால் ஊரில் வீடு வீடாக வண்டி வந்து பாத்திரம் இரவல் வாங்கிப் போகும். இல்லை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. திரும்பி வரும்போது மாறிவிடக்கூடாது என்றுதான் எல்லா வீட்டிலும் பாத்திரத்தில் பேர் வெட்டி வைப்பார்கள். அம்மாவும் கொடுத்தாள். நான் வாசலில் நின்று எண்ணினேன். ஆறு போயிற்று. கல்யாணம் முடிந்து ஆறு வந்தது. அம்மா மட்டும் ஏழு என்றாள். தவலையை அண்டாவுக்குள் வைத்துக் கொடுத்தேன், அது வரவில்லை என்றாள்.

அது அவளுக்குச் சீராக வந்த தவலை. அந்த மாசம் பந்தல்குடியில் சித்திக்குக் கல்யாணம். அப்பா இரண்டையும் முடிச்சுப் போட்டு, அம்மா அதைத் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள் என்றார். பெரிய வீட்டில் போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டியைக் கேட்பது சுலபம். என்னைக் கூப்பிட்டு நடு வீட்டில் நிறுத்தி, எத்தனை போச்சு என்று கேட்டார். ஆறு என்றேன். இவன் எண்ணினால் தப்பாது என்று முதுகில் தட்டினார். அன்றைக்கே சாமான் அறைச் சாவி அம்மா இடுப்பிலிருந்து எங்கள் அத்தை இடுப்புக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அம்மா உயிரோடிருந்த இருபத்தாறு வருஷமும், ஒரு கரண்டி வேண்டுமென்றாலும் அத்தையிடம் கேட்டுத்தான் எடுத்தாள். அத்தை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவாள்.

பெரிய வீட்டு அறையில் அண்டாவிலிருந்து நிமிர்ந்தேன். மற்றப் பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தேன். பேரெல்லாம் சுவர்ப் பக்கம் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பேர். பதினொன்றை வாய்விட்டு வாசித்தேன். பன்னிரண்டாவதைத் தொடுவதற்குள் மானேஜர் என் கையைப் பிடித்துவிட்டார். தொடக்கூடாது என்றார். எங்கள் அம்மாவின் தவலையை நான் தொடக்கூடாதாம்.

"அதெல்லாம் குடிசனங்க பெரிய வீட்டுக்குக் காணிக்கையாக் குடுத்தது பெரியவரே" என்றார்.

"காணிக்கைன்னா உபயம்னு வெட்டியிருக்கும். ஒண்ணுலயாவது இருக்கா? காட்டுங்க."

பொருளைக் காட்டத்தான் தனக்குச் சம்பளம், வழக்குத் தீர்க்க இல்லை என்று அவர் சொன்னார். தவலையைக்கூட நான் கேட்கவில்லை. அந்த அட்டையை எடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு இரவல் வாங்கித் திருப்பாத பாத்திரங்கள் என்று எழுதி வையுங்கள் என்றுதான் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். பார்க்க வந்தவர்கள் பதினான்கு பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவர், ஒரு தவலைக்கா இந்தப் பாடு என்று சிரித்தார். கடைசியில் இரண்டு காவல்காரர்கள் வந்து எங்களை வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

பஸ்ஸுக்கு ஒரு உடை மரத்தடியில் நின்றோம். என் வாய் ஓயவில்லை. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார்களாம், அதற்கும் ஊரான் வீட்டு அண்டா. திருட்டுப் பயல்கள், திருட்டுப் பயல்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவுக எடுத்தது ஒரு தவலைண்ணே. அம்மா இடுப்புச் சாவிய எடுத்தது உன் கணக்கு. சாகுற அன்னைக்கும் ஏழுன்னு சொன்னுச்சு. நீ அப்பவும் ஆறுதாம்மான்னியே."

உண்மைதான். அம்மா படுக்கையில் கிடந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது, நான் அப்போதே வாத்தியார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பழசை விடும்மா, அது ஆறுதான் என்று சொன்னேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் அந்த அண்டாவை வண்டியில் ஏற்றியபோது உள்ளே ஏதோ இடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா கேட்டபோது அந்தச் சத்தம் ஞாபகமும் வந்தது. ஆனால் கணக்கில் கெட்டி என்ற பேர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வாரிசுக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. காட்சிசாலையைப் பார்வையிட்டுக் கருத்துத் தெரிவித்தமைக்கு நன்றி என்று இருந்தது. அட்டை அப்படியே தொங்குகிறது. தவலையை மட்டும் எடுத்து, தேய்த்து, முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள். பேர் சுவர்ப் பக்கம்.

நான் இப்போதும் போகிறேன். மானேஜர் அடுத்த அறைக்குத் திரும்பும் நேரம் பார்த்து, அம்மாவின் பேர் ஜனங்களைப் பார்க்கும்படி தவலையைத் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த தடவை போனால் அது மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதுவரை ஐந்து தடவை திருப்பியாயிற்று, இன்னும் திருப்புவேன். ஆனால் நடு வீட்டில் அப்பா கேட்டபோது ஏழு என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்த்தது, அதை விட்டவன் எத்தனை தடவை திருப்பி வைத்தாலும் ஈடாகாது என்பதும் எனக்குத் தெரிகிறது.